விசா இல்லாதிருப்பது குற்றமா?

“விசா விசயம் வெறும் கந்தோர் அலுவல்தானே, களவா எடுத்தோம்?” என்று எம்மவர் பலர் கேட்பதுண்டு. சுவிஸ் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வெளிநாட்டவர் சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி அனுமதியின்றி நாட்டுக்குள் வருவது, தங்குவது, வேலை செய்வது யாவும் குற்றவியல் குற்றங்களே. ஒரு வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம். கவனக்குறைவால் நேர்ந்திருந்தால் சிறு அபராதம். அமெரிக்காவில் விசா முடிந்தபின் தங்கியிருப்பது மட்டும் குற்றவியல் குற்றமாகாது. ஆகவே அங்குள்ள உறவினர் சொல்லும் சட்டத்தை இங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது.

அகதிகளுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. ஆபத்திலிருந்து நேரே வந்து, தாமதமின்றி அதிகாரிகள்முன் தோன்றி, தகுந்த காரணம் காட்டும் அகதியை, களவாக எல்லை கடந்ததற்காகத் தண்டிக்கலாகாது என்பது 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு. அகதி விண்ணப்பம் விசாரணையில் இருக்கும்வரை இங்கு தங்கும் உரிமையும் உண்டு. இறுதி நிராகரிப்பு வந்து, வெளியேறும் திகதியும் கடந்தால் நிலைமை வேறு.

நாடுகடத்துவதற்காகத் தடுத்து வைப்பது இன்னொரு கணக்கு. 1994 டிசம்பர் வாக்கெடுப்பில் மக்கள் ஏற்று, 1995 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த இது தண்டனையல்ல, நிர்வாக நடவடிக்கை என்கிறார்கள். தண்டனைக்கு உச்சம் பன்னிரண்டு மாதம். தண்டனையல்லாத இதற்கோ இன்று பதினெட்டு மாதம் வரை! எண்களோடு வாழும் எனக்கு இந்தக் கூட்டல் விளங்குவதேயில்லை.

எம்மவரை அதிகம் வீழ்த்துவது ‘ஸ்ராவ்பெவேல்’ என்னும் கடிதம். நீதிமன்றம் ஏறாமலே அரச வழக்குத்தொடுநர் அனுப்பும் தண்டனைக் கட்டளை அது. உதாரணமாக 60 நாள், நாளொன்றுக்கு 30 பிராங், மொத்தம் 1800 பிராங். தண்டப்பணம் நிபந்தனையுடன் நிறுத்திவைக்கப்பட்டால் நடைமுறைச் செலவுக்கான பற்றுச்சீட்டு மட்டும் கையில் கிடைக்கும். அதைக் கட்டிவிட்டு, வாகனத் தரிப்புத் தண்டம்போல எண்ணி மறந்துவிடுகிறார்கள். பத்து நாட்களுக்குள் ஆட்சேபிக்காவிடில் அக்கடிதமே இறுதித் தீர்ப்பாகி, குற்றப் பதிவேட்டில் ஏறும். பின்னாளில் குடியுரிமை கேட்கும்போது எதிரே வந்து நிற்கும்.

ஆட்சேபனையை எழுத்தில், கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும்; குற்றஞ்சாட்டப்பட்டவர் காரணம் எழுதத் தேவையில்லை. பதிவுத் தபாலை எடுக்காமல் விடுவதும் உதவாது. கடிதம் வரக்கூடும் என்று அறிந்திருந்தவருக்கு, தபால்காரர் வந்துபோன ஏழாம் நாளே அது கிடைத்ததாகக் கொள்ளப்படும். அதன்பின் அந்தப் பத்து நாளும் ஓடத் தொடங்கும்.