பாட்டியின் பேச்சும் கருவியின் செவியும்

பிரிஞ்சாங் நகரிலிருந்து மலைச்சாலையில் ஏறிச் சென்றால் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தைக் காணலாம். கேமரன் மலையில் போ நிறுவனம் 1929ஆம் ஆண்டில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. தோட்டங்களில் உழைத்த தமிழர்களின் பேச்சில் மலாய்ச் சொற்களும் ஆங்கிலச் சொற்களும் கலந்து தமிழாகவே மாறிவிட்டன. கணக்கு எழுதுபவர் ‘கிராணி’. வேலையை மேற்பார்ப்பவர் ‘மண்டோர்’. விடியற்காலையில் பெயர் கூப்பிடுவது ‘பெரட்டு’. குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் ‘ஆயாக் கொட்டகை’.

இப்படிப் பேசி வளர்ந்த பாட்டி ஒருவர், தம் உடல்நிலையைத் திறன்பேசியிடம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சொன்னது ஒன்று, திரையில் தோன்றுவது வேறொன்று. “பாட்டி, இன்னொரு தடவை மெதுவாச் சொல்லுங்க,” என்கிறாள் பேத்தி. மூன்றாம் முறையும் தவறு. நாம் பாட்டியைத்தான் திருத்தப் பார்க்கிறோம். கருவியை யாரும் குறை சொல்வதில்லை!

செயற்கை நுண்ணறிவுக் கருவி, பதிவு செய்யப்பட்ட குரல்களைக் கேட்டுத்தான் மொழியைக் கற்கிறது. செய்தி வாசிப்பாளர்களின் தமிழை மட்டுமே கேட்ட கருவிக்குத் தோட்டத்துத் தமிழ் புரியாமல் போகலாம். மருந்தின் பெயரையோ வலியிருக்கும் இடத்தையோ அது மாற்றி எழுதினால் துன்பப்படுபவர் பாட்டியே. ஆகவே, கருவியை உருவாக்கும்போதே அவரைப் போன்றவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நியூசிலாந்தின் மவோரி மக்கள் இதைச் செய்து காட்டினர். 2018ஆம் ஆண்டில் ‘தே ஹிகு மீடியா’ என்னும் மவோரி ஊடக அமைப்பு, தம் மக்களிடையே குரல்பதிவுப் போட்டி ஒன்றை நடத்தியது. ஏறத்தாழ 2,500 பேர் பங்கேற்றனர். பத்தே நாள்களில் 300 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பேச்சு சேர்ந்தது. அதைக்கொண்டு மவோரி மொழியை எழுத்தாக்கும் கருவியை அவ்வமைப்பே உருவாக்கியது. அப்பதிவுகளை வெளிநிறுவனங்களுக்குக் கொடுக்க அது இணங்கவில்லை. குரல் தந்தவர்களின் நம்பிக்கையை அது பெரிதாக மதித்தது.

மோசில்லாவின் ‘காமன் வாய்ஸ்’ திட்டம் வேறு வழியில் செல்கிறது. அதில் தமிழும் உண்டு. ஒருவர் வாக்கியத்தை வாசிக்க, மற்றவர்கள் அதைக் கேட்டுச் சரிபார்ப்பர். அப்பதிவுகளை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். இவ்விரண்டில் எது நல்லது என்பதை வெளியார் முடிவு செய்ய முடியாது. குரலுக்கு உரியவரே முடிவு செய்ய வேண்டும்.

மலேசியாவிலும் 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்க அமைச்சு செயற்கை நுண்ணறிவுக்கான நெறி வழிகாட்டியை வெளியிட்டது. அதன் ஏழு கொள்கைகளில் ஒன்று, அனைவரையும் உள்ளடக்குதல். ஏட்டிலுள்ள அக்கொள்கை தோட்டத்து வீடுகளுக்கும் எட்ட வேண்டுமல்லவா?

உங்கள் பாட்டியின் பேச்சைப் பதிவு செய்ய விரும்பினால், முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள். எதற்காகப் பதிவு செய்கிறீர்கள், யார் கேட்பார்கள் என்பதை விளக்குங்கள். பிறகு, ஒருநாள் பெரட்டு எப்படி நடந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது இடையில் திருத்தாதீர்கள்.