கடற்கரை நத்தைகளும் ஒட்டுண்ணிப் புழுவும்: பீடை ஒழிப்பில் ஒரு பாடம்

ஒட்டுண்ணி தனித்து வாழ்வதன்று. அது தங்குவதற்கு வேறோர் உயிர் வேண்டும். இடங்கொடுக்கும் அவ்வுயிரை விருந்து வழங்கி என்பர். விருந்து வழங்கிகள் நெருங்கி வாழுமிடத்தில் ஒட்டுண்ணி பெருகும். அவை ஐதாகுமிடத்தில் அருகும். மனிதர் கரையோர உயிர்களைப் பிடித்து அகற்றும்போது அவற்றின் ஒட்டுண்ணிகளும் மாறுதலடைவது இதனாலேயாம். இவ்வுண்மை வயலுக்கும் தோட்டத்துக்கும் பொருந்துவதால், கமக்காரர் இதனை அறிதல் நன்று.

புழு வந்த வகை

அபலோன் என்பது உணவுக்காக வளர்க்கப்படும் ஒரு கடல் நத்தை. 1980 ஆம் ஆண்டுகளில் தென்னாபிரிக்காவிலிருந்து கலிபோர்ணியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அபலோன்களுடன், நெல்மணியினும் சிறிய ஒரு புழுவும் வந்து சேர்ந்தது. இப்புழு நத்தையின் தசையை உண்பதில்லை. ஓட்டின் வளரும் விளிம்பில் குடிகொள்ளும். நத்தை அதனைச் சுற்றி ஓட்டை வளர்த்து மூடும். இதனால் ஓடு உருக்கெட்டு நொய்தாகும், வளர்ச்சி குன்றும். பண்ணைகள் பெரும் நட்டமடைந்தன.

1996 ஆம் ஆண்டில், கயூக்கொஸ் என்னுமிடத்தில், ஒரு பண்ணையின் கழிவுநீர் விழும் கரையில் வாழ்ந்த உள்ளூர் நத்தைகளிலும் இப்புழு காணப்பட்டது.

ஒழித்த முறை

அங்கே மூன்று வேலைகள் செய்யப்பட்டன.

1. புழுவுள்ள பொருள்கள் கடலுக்குட் செல்லாதவாறு கழிவுநீர் வாயிலில் வலைத்தடுப்பு இடப்பட்டது.

2. பண்ணையிலிருந்து கரைக்கு வந்து சேர்ந்த உயிர்களும் ஓடுகளும் பொறுக்கி அகற்றப்பட்டன.

3. புழு மிகுதியாகப் பற்றிய கரிய தலைப்பாகை நத்தைகள் ஏறத்தாழ 16 இலட்சம் பிடித்து அகற்றப்பட்டன.

கடைசி நத்தைவரை பிடிக்கவேண்டியிருக்கவில்லை. ஒரு நத்தையிலுள்ள பீடை சராசரியாக இன்னொரு நத்தைக்கேனும் தொற்றாவிடின், அது தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து அழியும். அந்த எல்லைக்குக் கீழே விருந்து வழங்கிகளைக் குறைத்தலே போதுமானது. அக்கரையில் புழு அற்றுப்போனதாகக் கல்வர், கூரிஸ் என்னும் ஆய்வாளர் 2000 ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

கவனிக்கவேண்டியது

எதைப் பிடித்தாலும் நோய் குறையும் என எண்ணற்க. அதே கலிபோர்ணியாவின் கால்வாய்த் தீவுகளில், சிங்க இறால்களே கடல் முள்ளெலிகளை உண்டு அடக்கி வந்தன. சிங்க இறால்கள் மிகுதியாகப் பிடிக்கப்பட்ட இடங்களில் முள்ளெலிகள் பெருகி நெருங்கின. பற்றீரியா நோயும் அவற்றிடையே அடிக்கடி பரவியது. பிடித்தல் தடுக்கப்பட்ட பகுதியில் அந்நோய் குறைவாயிருந்தது. இதனை லவேட்டி என்னும் ஆய்வாளர் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆகவே, விருந்து வழங்கியை அகற்றுதல் வேறு. அதனை அடக்கிவைக்கும் உயிரை அகற்றுதல் வேறு.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. பீடை உள்ளே வரும் வாயிலை முதலில் அடைத்தல் வேண்டும். நோயற்ற விதையையும் நாற்றையுமே பயன்படுத்துக. வாயில் திறந்திருக்க, உள்ளே களையெடுத்துப் பயனில்லை.

2. நரம்பு மஞ்சளான வெண்டிச் செடியைக் கண்டவுடன் பிடுங்கி அழித்திடுக. ஒரு செடி நின்றாலும் வெள்ளை ஈ அதிலிருந்து நோயைப் பிற செடிகளுக்குக் கொண்டுசெல்லும்.

3. நெல் பூக்குமுன் வரம்பிலும் வயலிலும் உள்ள புற்களை அகற்றுக. நெல் மூட்டுப்பூச்சி கதிர் வரும்வரை அவற்றிலேயே தங்கியிருக்கும்.

4. சிலந்திகளைக் காத்திடுக. தேவையின்றி மருந்து தெளித்தால் அவை மடியும்; அவை உண்ணும் கபிலநிறத் தத்தி பெருகும்.

5. அயலவருடன் ஒன்றுகூடிச் செய்க. கயூக்கொஸ் கரையில் வெற்றி கிட்டியதற்கு ஒரு காரணம், அப்புழுவின் குஞ்சு நீந்திச் செல்லாது ஊர்ந்தே செல்வதாகும். மூட்டுப்பூச்சியோ பறப்பது. ஒருவர் வயலைத் துப்புரவாக்கி, அடுத்தவர் வரம்பைப் புல்மண்ட விட்டால் உழைப்பு வீணாகும். ஒரே காலத்தில் விதைத்து, ஒரே காலத்தில் களையகற்றும் வயல்வெளியிலே பீடைக்குத் தங்குமிடம் கிடையாது.