மூலையில் உட்காரும் நாட்கள்

கணவர் இறந்த வீட்டில் முதல் பதினாறு நாட்கள் மனைவியை மூலையில் உட்கார வைக்கிறோம். வாசலுக்கு வரக்கூடாது, யார் எதிரிலும் வரக்கூடாது என்கிறோம். அவளுடைய மீதி வாழ்க்கைக்கான காகிதங்கள் நகர்வதும் அந்த நாட்களில்தான். அவளால் ஓட முடியாத அந்த நேரத்தில் பிறந்த வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் அவளுக்காக ஓட வேண்டும்.

முதல் வேலை இறப்புப் பதிவு. 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. வீட்டில் இறந்திருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். ஆதாரில் உள்ளபடியே பெயர் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அங்கே விழும் பிழை பிறகு அவளைப் பல அலுவலகப் படிகளில் ஏறி இறங்க வைக்கும்.

அடுத்து, இறந்தவருடைய பாஸ்புக்கில் வரவு செலவைப் பதிந்து வாங்கிப் பாருங்கள். ஆண்டுக்கு 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடாக இருக்கலாம். இயற்கை மரணத்துக்கும் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும் திட்டம் அது. 20 ரூபாய் என்றால் விபத்துக் காப்பீடு. வங்கியில் உடனே விசாரியுங்கள்.

கருமாதி முடிந்த கையோடு, "ஒரு கையெழுத்துதானே" என்று யாராவது பத்திரத்தை நீட்டக்கூடும். அது விடுதலைப் பத்திரமாக இருந்து பதிவும் ஆகிவிட்டால், அவள் பங்கு கைவிட்டுப் போகும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கணவரின் சொத்தில் மனைவி, பிள்ளைகள், மாமியார் ஆகியோருக்கு ஆளுக்கொரு சம பங்கு உண்டு. பிறகு மறுமணம் செய்துகொண்டாலும் அது போகாது. "வாரிசுச் சான்று வரட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொல்ல அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். தகராறு வந்தால் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவை நாடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள்.

வாரிசுச் சான்றுக்கும் ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அவளோடு ஒருவர் கூடப் போங்கள்.

காகிதம் சோறு போடும். மதிப்பை மனிதர்கள்தான் தர வேண்டும். மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது அவள் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுங்கள். வளைகாப்புக்கு அழைக்கும்போது தாம்பூலத்தை அவள் கையிலேயே கொடுங்கள்.

ஊரே சேர்ந்தால் வழக்கமும் மாறும். மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்ற கிராமம், தாலி அறுப்பதையும் வளையல் உடைப்பதையும் குங்குமம் அழிப்பதையும் நிறுத்த 2022 மே மாதம் தீர்மானம் போட்டது. மற்ற கிராமங்களும் அந்த வழியில் நடக்க வேண்டும் என்று அந்த மாநில அரசே கேட்டுக்கொண்டது. நமக்கும் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அங்கே பெண்கள் நான்கு பேர் சேர்ந்து எழுந்து பேசுங்கள்.

பெற்று வளர்த்தவளைக் கல்யாணப் பந்தலில் பின்வரிசைக்குத் தள்ளும் வழக்கத்துக்கு எந்த நியாயமும் இல்லை. அவள் மகளுக்கு முதல் நலங்கை அவளே வைக்கட்டும்.