பழைய கணக்குக்கு எவ்வளவு எடை?

அன்புள்ள கயல்விழிக்கு,

"புது மருத்துவக் கருவியைச் சோதிக்கும்போது பழைய கருவியின் முடிவையும் சேர்த்துக்கொள்வது கள்ளக் கணக்கு இல்லையா, பெரியப்பா?" என்று கேட்டிருந்தாய். கள்ளக் கணக்கு ஆகலாம்தான். எப்போது ஆகும், எப்போது ஆகாது என்பதைச் சொல்கிறேன்.

பிளஸ் ஒன்னில் பேயீஸ் தேற்றம் படித்தாயே, பையிலிருந்து பந்தெடுக்கும் கணக்கு, அதேதான் இது. தாமஸ் பேயீஸ் ஓர் ஆங்கிலப் பாதிரியார். 1761இல் அவர் இறந்த பிறகு நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் தாள்களைத் தேடியெடுத்து 1763இல் வெளியிட்டார். முன்பே தெரிந்ததோடு புதிதாகக் கண்டதைச் சேர்த்து முடிவைத் திருத்திக்கொள், அவ்வளவுதான். ஆனால் நிஜமான ஆய்வுகளில் இதைக் கணக்கிட வேகமான கணினிகள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மருந்தைவிடக் கருவிக்கு இது ஏன் பொருந்துகிறது? மருந்தின் மூலக்கூறைச் சிறிது மாற்றினாலும் உடம்புக்குள் அது வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். ஸ்டென்டோ செயற்கை மூட்டோ படிப்படியாகத்தான் மாறுகிறது: கம்பி மெலிகிறது, வளைவு திருந்துகிறது. அதன் வேலையும் பெரும்பாலும் வைத்த இடத்தோடு நின்றுவிடும். (ஸ்டென்டின்மேல் மருந்து பூசிவிட்டால் இந்த வாதம் பாதி அடிபட்டுப் போகும்.) அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2006இல் வரைவாக வெளியிட்டு, 2010இல் இறுதி செய்த, கருவிச் சோதனைகளில் இந்த முறையைப் பயன்படுத்துவது பற்றிய வழிகாட்டி ஆவணத்திலும் இதுவே முக்கியக் காரணம்.

இனி உன் சந்தேகத்துக்கு வருகிறேன். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை. பழைய கருவி பொருத்திய 100 பேரில் 5 பேருக்குச் சிக்கல். புதியதில் 50 பேரில் 7 பேருக்கு, அதாவது 14%. இரண்டையும் அப்படியே கூட்டினால் 150க்கு 12; 14% என்பது 8% ஆகிவிடுகிறது! பழையதற்குப் பாதி எடை மட்டும் கொடுத்தால் 9.5%. எடையை முடிவு பார்த்தபின் தேர்ந்தெடுக்கலாம் என்றால் வேண்டிய விடையை வரவழைத்துவிடலாம். அதனால்தான் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே அதை எழுதி, நிர்வாகத்தோடு பேசி முடிவு செய்துகொள்ளச் சொல்கிறார்கள்.

அதோடு விடுவதில்லை. கருவி உண்மையில் மோசமாக இருந்தால் இந்தத் திட்டம் அதை எத்தனை முறை தேற்றிவிடும் என்று கணினியில் ஓட்டிக் காட்டவும் வேண்டும். என்னைக் கேட்டால் முழு ஆவணத்திலும் உருப்படியான பகுதி இதுதான். சிக்கல் 12%க்குக் கீழே இருப்பதற்கு 95% நிகழ்தகவு வந்தால் தேர்ச்சி என்று வைப்போம். கருவியின் உண்மை விகிதம் சரியாக 12%, அதாவது தேறக் கூடாதது. பழைய தரவு இல்லாமல் 50 பேரைச் சோதித்தால் 100க்கு 5 முறைபோலத் தவறித் தேறும். பழைய 100 பேரை முழு எடையோடு சேர்த்தால் பாதிக்கு மேலான முறை தேறிவிடும். அப்புறம் சோதனை எதற்கு, சடங்குக்கா?

பேயீஸ் முறை என்றாலே பழைய தரவைக் கடன் வாங்குவது என்றும் நினைத்துவிடாதே. தொடை வழியாகக் குழாய் செலுத்தி இதய வால்வு பொருத்துவதை அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்ட சர்டாவி ஆய்வைப் பார். 1,746 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 1,400 பேர் 12 மாதம் கடந்ததும், எல்லோரும் 24 மாதம் முடிக்கக் காத்திராமல், 24 மாத நிலையை இந்த முறையில் கணித்தார்கள். இறப்பு அல்லது முடக்கும் பக்கவாதம் குழாய் வழியில் 12.6%, அறுவையில் 14%. 2017இல் வெளியான அந்தக் கட்டுரை, புது முறை தாழ்ந்ததல்ல என்பதற்கான நிகழ்தகவு 0.999க்கும் மேல் என்று நேரடியாகச் சொல்கிறது. மருத்துவர் கேட்க விரும்புவதும் அப்படியொரு வாக்கியத்தைத்தானே.

உன் மடிக்கணினியில் ஆர் மென்பொருள் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கை 10,000 முறை ஓட்டி, பாதி எடைக்கு எவ்வளவு வருகிறது என்று எழுது.

அன்புடன்,
பெரியப்பா