பிள்ளை தன் வாயால் கேட்கட்டும்

ஏற்காட்டு மலையில் இருக்கும் நாகலூரில் காபிப் பழம் பறிக்கும் பருவம் வந்துவிட்டால் பெற்றோரைப் பள்ளியில் பிடிக்க முடியாது. நாம்தான் தோட்டத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு தடவை போனபோது, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தடியில் நின்ற ஓர் அம்மா கேட்டார்: "டீச்சர், பன்னெண்டாவது முடிச்சதும் இவளை என்ன பண்றது?"

பக்கத்தில் நின்ற மகளுக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்காது. கருவி போட்டிருந்தாள். கேள்வி அவளைப் பற்றியது. அம்மா கேட்டது என்னை. நான் பதில் சொன்னது அம்மாவுக்கு. இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை என்பது, திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது.

சிறப்பாசிரியராக மலைக் கிராமங்களில் அலைந்தவள் என்ற முறையில், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நான் சொல்ல வருவதில் பாதி காகிதம் பற்றியது, பாதி வாய் பற்றியது. காகிதத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அதுவும் ஒன்பதாம் வகுப்பிலேயே முடிய வேண்டிய வேலைதான். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் மலையில் இருப்பவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு கையெழுத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போக வேண்டும். அதிகாரி அன்று இல்லையென்றால் ஒரு நாள் கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு.

முதல் காகிதம் யூடிஐடி எனும் தனித்துவ அடையாள அட்டை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பார்வை, செவி, கை கால் மட்டுமல்ல. ஆட்டிசம், தசைச் சிதைவு, தலசீமியா, எழுத்தும் எண்ணும் மட்டும் பிடிபடாத குறிப்பிட்ட கற்றல் குறைபாடு எல்லாம் அதில் உண்டு. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று இருந்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத ஒதுக்கீடு, வயது வரம்பில் ஐந்து ஆண்டு தளர்வு, பிறகு அரசு வேலையில் 4 சதவீதம்.

இந்தச் சான்று விஷயத்தில் நானே ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். கால் பாதித்த ஒரு பையன். நல்ல மார்க். கல்லூரிகளில் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடந்துவிடும். அவனைக் கூட்டிக்கொண்டு ஒரு கல்லூரிக்குப் போய் வரிசையில் நின்றோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சான்றிதழைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தேதி முடிஞ்சு போச்சேம்மா" என்றார். அவனுக்கு ஏழு வயதில் கொடுத்த தற்காலிகச் சான்று. வளரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சில வருடத்துக்குத்தான் தருவார்கள், அப்புறம் மறுபடி பரிசோதிக்க வேண்டும். போதாக்குறைக்கு ஆதாரில் அப்பா இனிஷியல் முன்னால், டி.சி.யில் பின்னால். பையன் ஒன்றும் பேசவில்லை. நானும்தான். அந்த வருடம் அவனுக்குப் பொதுப் பிரிவில், விருப்பமில்லாத ஒரு பாடம்தான் கிடைத்தது. சான்றிதழைக் கையில் வாங்கி வாங்கிப் பைக்குள் வைத்தவள் நான். ஒரு நாளும் தேதியைப் படிக்கவில்லை.

ஆகவே ஒன்பதாவதில் எல்லாக் காகிதத்தையும் ஒரே பாயில் விரித்து, பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 15 வயதில் ஆதாரில் கைரேகையும் கண் பதிவும் எப்படியும் புதுப்பிக்க வேண்டும்; திருத்தத்தையும் அதோடு சேர்த்துச் செய்துவிடலாம். மலையாளிப் பழங்குடிச் சமூகத்தவருக்கு இன்னொன்று. பழங்குடியினர் சாதிச் சான்று தாசில்தார் கையில் இல்லை, கோட்டாட்சியர் தர வேண்டும், நாளாகும். மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு எல்லாச் சாதி ஒதுக்கீட்டுக்குள்ளும் சேர்ந்தே வருவது என்பதால் ஒன்றை வாங்கினால் மற்றது போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். இரண்டும் வேண்டும். கூடவே வருமானச் சான்று, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி போகிறவர் என்றால் முதல் பட்டதாரி சான்று. ஒன்பதாவது முதலே மத்திய அரசின் உதவித்தொகைக்குத் தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் கல்லூரியில் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். காகிதம் போதும்.

அடுத்தது ப்ளஸ் ஒன் குரூப். பிள்ளையின் பத்து வருட எதிர்காலம் ஒரு காலைப் பொழுதில், ஹெட்மாஸ்டர் அறையில், பத்து நிமிடத்தில் தீர்மானமாகிறது. பார்வை இல்லையா, வரலாறு எடுத்துக்கோ. காது கேட்கலையா, காமர்ஸ் போ. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, பழக்கம். வரலாறும் வணிகவியலும் நல்ல பாடங்கள்தான். பிள்ளைக்குப் பிடித்தால் எடுக்கட்டும், நாற்காலி காலி என்பதற்காக எடுக்க வேண்டாம். பார்வையற்றவருக்குக் கணினி வராது என்று இன்னமும் சொல்கிறார்கள். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருள் இலவசம், தமிழும் வாசிக்கும். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் ஏற்கெனவே இருக்கிறது. சென்னையின் பெனோ செஃபைன் முழுப் பார்வையின்மையோடு முதலில் வங்கி அதிகாரியாகி, 2015இல் இந்திய வெளியுறவுப் பணிக்கே போனார். அவரும் திரைவாசிப்பான் வைத்துப் படித்தவர்தான். எட்டாவது ஒன்பதாவதிலேயே இதைப் பழக்கிவிட்டால், குரூப் எடுக்கிற அன்று பேசுவதற்குப் பிள்ளையிடம் ஏதாவது இருக்கும்.

பொதுத்தேர்வுச் சலுகைகளை எல்லோரும் அறிவார்கள்: சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு. தலைமையாசிரியர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். 40 சதவீதம் வரவில்லையென்றால் கதை முடிந்தது என்று விடாதீர்கள். கையால் எழுதவே முடியாத ஒருவருக்கு அந்த அளவுகோல் இல்லாமலேயே எழுதுபவரைத் தர வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

யாரும் கவனிக்காத விஷயம், சொல்லி எழுத வைப்பது ஒரு தனி வித்தை. தேர்வன்று வருபவர் முகம் தெரியாத ஆசிரியர். 'ஏ பிளஸ் பி ஸ்கொயர்' என்று பிள்ளை சொன்னால் அவர் எதை எழுதுவார்? இரண்டையும் சேர்த்து வர்க்கமா, பி மட்டும் வர்க்கமா? 'ஏ பிளஸ் பி, ஹோல் ஸ்கொயர்' என்று சொல்லப் பழக வேண்டும். எங்கே பத்தி பிரிவது, எதற்கு அடிக்கோடு, எதை விட்டுவிட்டுப் பிறகு வருவது எல்லாம் பிள்ளை வாயில் வர வேண்டும். காலாண்டிலும் அரையாண்டிலும் கீழ் வகுப்புப் பிள்ளை ஒருவரை உட்கார வைத்துப் பழக்குங்கள். மார்ச்சில் முதல் தடவையாகச் செய்தால் கூடுதல் ஒரு மணி நேரம் சண்டையிலேயே போய்விடும்.

மொழி விலக்கு விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கசக்கும். கிடைக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள். ஆங்கிலத்தை விலக்கிவிட்டுப் போன பிள்ளை கல்லூரியில் ஆங்கிலப் பாடப்புத்தகத்தைச் சந்திக்கிறது, வங்கித் தேர்வில் ஆங்கிலப் பகுதியைச் சந்திக்கிறது. பிறவியிலேயே கேட்காத பிள்ளைக்கு இரண்டு மொழி உண்மையிலேயே பாரம். அவர்களுக்கு விலக்கு நியாயம். தேர்ச்சி விகிதத்துக்காகப் பள்ளி தள்ளிவிடும் விலக்கு வேறு.

இனி வாய்.

ப்ளஸ் டூ வரைக்கும் பள்ளிதான் பிள்ளையைத் தேடி வருகிறது. வட்டார வள மையத்திலிருந்து நாங்கள் வருகிறோம், முகாம் போடுகிறோம், வகுப்பாசிரியருக்குப் பிள்ளையின் கஷ்டம் தெரிந்திருக்கிறது. கல்லூரி வாசலில் இது அத்தனையும் நின்றுவிடும். அங்கே அறுபது பேரில் ஒருவர். கேட்டால்தான் கிடைக்கும். அமெரிக்காவில் இதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: 16 வயதுக்குள் பள்ளிக்குப் பிறகு என்ன என்ற திட்டம் போட வேண்டும், அந்தக் கூட்டத்துக்கு மாணவரையும் அழைத்தே ஆக வேண்டும். நம் ஊரில் அப்படிக் கூட்டம் நடக்காவிட்டால் போகட்டும், வீட்டுத் திண்ணையில் நடத்தலாம். பிள்ளை நடுவில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் விதி.

அந்தக் காபித் தோட்டத்துப் பெண்ணை அடுத்த முறை பார்த்தபோது அம்மாவை விட்டுவிட்டு அவளிடமே கேட்டேன். வகுப்பில் எப்போது புரியாமல் போகிறது? வெகுநேரம் யோசித்தாள். "சார் போர்டைப் பார்த்து எழுதிக்கிட்டே பேசறப்ப." அதுவரை அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. அதை ஒரு வாக்கியமாக்கினோம்: "சார், எனக்குக் காது சரியாகக் கேட்காது. உதட்டைப் பார்த்தால் புரியும். எங்களைப் பார்த்துப் பேசுங்க சார்." என்னிடம் பத்துத் தடவை சொன்னாள். தோழியிடம் சொன்னாள். ஒரு திங்கட்கிழமை வேதியியல் வாத்தியாரிடம் சொன்னாள். அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "இதை ஏம்மா இவ்வளவு நாளா சொல்லல?" என்றாராம்.

எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஒரு வாக்கியம் வேண்டும். என்ன குறை, அதனால் எது முடியவில்லை, எதைச் செய்தால் முடியும். மூன்றாவது பகுதிதான் முக்கியம். நம் பிள்ளைகள் முதல் பகுதியோடு நிறுத்தி அழுதுவிடுகிறார்கள், அல்லது பெற்றோர் அழுதுவிடுகிறார்கள்.

தன் பொருளைத் தான் பார்த்துக்கொள்வதும் இதில் சேரும். ஏற்காட்டுப் பனிக்கும் ஈரத்துக்கும் காது கருவி சீக்கிரம் மக்கர் செய்யும். இரவில் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் எந்தக் கடை, என்ன எண் என்று அம்மாவுக்கு அல்ல, அவளுக்குத் தெரிய வேண்டும். பஸ் ஏறுவது, ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பது, துணி துவைப்பது, நாலு நாள் வெளியூரில் தங்குவது எல்லாம் விடுதிக்குப் போவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். பத்தாவது லீவில் சித்தி வீட்டுக்குத் தனியாக அனுப்பிப் பாருங்கள். எந்தப் புத்தகமும் அதைச் சொல்லித் தராது.

கல்லூரியை விண்ணப்பத்தில் மட்டும் பார்க்காதீர்கள். ஒரு வேலைநாளில் பிள்ளையோடு போய் வாருங்கள். வகுப்பு மாடியிலா, சக்கர நாற்காலி கழிப்பறைக் கதவுக்குள் நுழையுமா, சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்கிறதா, அல்லது ஆய்வுக்காகக் கொட்டிய சறுக்கு மரமா? பஸ் ஸ்டாப்பிலிருந்து எவ்வளவு தூரம்? செவித்திறன் குறைந்தவர்களுக்கென்றே சென்னை மாநிலக் கல்லூரியில் பி.காம்., பி.சி.ஏ. நடக்கிறது. தூரம்தான்; ஆனால் சைகை மொழியில் பேசும் நண்பர்கள் கிடைப்பது சின்ன விஷயமில்லை. பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் பத்தாவதோடு சேரக்கூடியவை. அவற்றை இரண்டாந்தரமாகப் பேசுவதை ஆசிரியர்களாகிய நாம்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் கல்லூரி என்று பேசுவதில்லை. என்ன வேலையைத் தொடர்ந்து ஒரு மணி நேரம் செய்ய முடிகிறது என்று பார்க்கச் சொல்வேன். நாற்றுப் பை நிரப்புவது, காபிக் கொட்டை பிரிப்பது, ஹோட்டலில் மேசை துடைப்பது. பல குறைபாடுகள் சேர்ந்திருந்தால் முட்டுக்காட்டில் உள்ள தேசிய நிறுவனத்தில் மதிப்பீடும் தொழிற்பயிற்சி ஆலோசனையும் பெறலாம். இந்தப் பிள்ளைகளுக்கு 18 வயது முடிந்ததும் சட்டப்படி பெற்றோர் தாமாகவே காப்பாளர் ஆகிவிட முடியாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் நியமனம் பெற வேண்டும். வங்கியில் போய் நின்ற பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

சேலம் மாவட்டத்தில் எந்த மேடை போட்டாலும் மாரியப்பன் தங்கவேலு பெயர் வரும். பெரியவடகம்பட்டிக்காரர், 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். வரட்டும், பெருமைதான். நான் பிள்ளைகளிடம் சொல்வது அவர் பி.பி.ஏ. முடித்ததை. பதக்கத்துக்குத் திட்டம் போட முடியாது, பட்டத்துக்குப் போடலாம்.

வீட்டில் ஒன்பதாவது படிக்கும் பிள்ளை இருந்தால் இன்று ராத்திரி யூடிஐடி அட்டையை எடுத்து, எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். சந்தேகம் என்றால் பள்ளிக் கல்வி உதவி எண் 14417க்குக் கூப்பிடுங்கள். பேசுவது பிள்ளையாக இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.