சேர்ந்த நாளிலிருந்து எண்ணு

அன்புள்ள தங்கைக்கு,

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டாய் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். "ஆய்வேடு கொடுத்தவர்கள் அநேகமாக எல்லோருமே தேறிவிடுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். ஆனால் கொடுக்காமலே விலகியவர்கள் அந்தக் கணக்கில் இல்லையே! ஓர் ஆண்டில் சேர்ந்தவர்கள் அத்தனை பேரையும் எடுத்துக்கொண்டு, எத்தனை பேர் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று பார்ப்பதுதான் சரியான கணக்கு.

அமெரிக்க, கனடியப் பல்கலைக்கழகங்களில் அப்படி எண்ணிய ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. சேர்ந்து 10 ஆண்டுக்குள் பட்டம் பெற்றவர்கள் 57 விழுக்காடுதான். பொறியியலில் 64, மொழி, வரலாறு, தத்துவம் போன்ற புலங்களில் 49. ஆய்வுக்கூடத்தில் நாலு பேரோடு சேர்ந்து உழைப்பவரை விட, நூலகத்தில் தனியே உழைப்பவர் வழியில் நின்றுபோவது எளிது. நீ தமிழ் ஆய்வாளர். இதை மனத்தில் வை.

நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் 6 ஆண்டு தருகின்றன. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு தளர்வு உண்டு. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. இவை உன் உரிமை. தேவைப்படும்போது தயங்காமல் கேள். ஆனால் காலம் நீள்வதால் மட்டும் ஆய்வேடு முடிந்துவிடாது. பாடத்தேர்வுக்குத் தேதி உண்டு, கள ஆய்வுக்குப் பருவம் உண்டு. எழுதுவதற்கு மட்டும் யாரும் நாள் குறிப்பதில்லை. "எல்லாத் தரவும் சேரட்டும், பிறகு எழுதலாம்" என்ற நினைப்பில்தான் ஆண்டுகள் கரைகின்றன.

ஆகவே இன்றே எழுதத் தொடங்கு. ஒரு நூலிலிருந்து குறிப்பெடுக்கும்போதே பதிப்பாண்டு, பதிப்பகம், பக்க எண் மூன்றையும் எழுதிவிடு. பிறர் வரியை மேற்கோள் குறிக்குள் வை. பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வேடு திருத்தத்துக்குத் திரும்பும்; 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும் என்கின்றன அதே மானியக் குழுவின் 2018 விதிகள். பலர் அங்கே சிக்குவது திருட்டு எண்ணத்தால் அல்ல, எது தம் வரி, எது பிறர் வரி என்பது குறிப்பேட்டிலேயே கலந்துபோவதால்தான்.

ஒவ்வொரு பருவமும் ஆய்வுக் குழுவின் முன் நிற்க வேண்டியிருக்கும். பவர்பாயிண்ட் மட்டும் போதாது. எழுதி முடித்த பத்துப் பக்கமாவது நெறியாளர் கையில் கொடு. அவர் திருத்தித் தருவதை அந்த வாரமே சரிசெய்.

அன்புடன்,
உன் அண்ணன்