அந்தமானில் இரண்டு தீவு போதும்

அந்தமானுக்குக் கிளம்புகிறவர்கள் கையில் இருக்கும் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஐந்து இரவு, ஆறு பகல். முதல் நாள் செல்லுலார் சிறை, அடுத்த நாள் ராஸ் தீவு, மூன்றாம் நாள் ஹேவ்லாக், நான்காம் நாள் நீல், ஐந்தாம் நாள் விடியுமுன் எழுந்து பாரடாங், ஆறாம் நாள் விமானம். தாளில் பார்க்கும்போது ஒரு குறையும் தெரியாது. ஆனால் இந்தத் திட்டம் இடங்களை எண்ணுகிறதே தவிர, கடலைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இதுதான்: முழுதாக ஒரு வாரம் இருந்தால் போர்ட் பிளேரைத் தவிர இரண்டு தீவுகள் போதும். ஐந்தாறு நாள்தான் என்றால் ஒன்றே போதும். நிதானமாகச் சுற்றுவதே உயர்ந்தது என்ற கொள்கைக்காக இதைச் சொல்லவில்லை. வெளிச்சமும் ஓதமும் படகு நேரமும் அங்கே ஒரு நாளை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று பார்த்தால் வேறு முடிவுக்கு வர இடமில்லை.

முதலில் வெளிச்சம். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணிக்கப்படுவது. போர்ட் பிளேர் அதற்குக் கிழக்கே பத்துப் பாகை தள்ளி இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் வீதம், சூரியன் அங்கே நம் கடிகாரத்தைவிட நாற்பது நிமிடம் முந்துகிறது. சென்னையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஐம்பது நிமிடம். டிசம்பரில் காலை ஐந்தரைக்கு விடிந்துவிடும், மாலை ஐந்துக்கெல்லாம் சூரியன் கடலில் இறங்கிவிடும். விடுமுறைதானே என்று எட்டு மணிக்கு எழுந்து, சாப்பிட்டு, பத்தரைக்குக் கிளம்புகிறவர்களுக்குப் பகலில் ஐந்து மணி நேரம் அதற்குள் போய்விட்டிருக்கும், அதுவும் வெயில் ஏறாத அருமையான ஐந்து மணி நேரம். இந்தக் குறுகிய பகலுக்குள்தான் படகுப் பயணத்தையும் வைக்க வேண்டும். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் விரைவுப் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், அரசுப் படகில் சுமார் இரண்டரை மணி நேரம். ஹேவ்லாக்கிலிருந்து நீலுக்கு ஒரு மணி நேரம். கேட்கக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் மூட்டை கட்டி, அறையைக் காலி செய்து, படகுத்துறைக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், அடையாள அட்டை காட்டி, பெட்டிகளைச் சோதனைக்கு விட்டு, அக்கரையில் இறங்கி ஆட்டோ பிடித்து, புது அறை தயாராகும்வரை காத்திருப்பதையும் சேர்த்தால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. ஆகவே ஒரு தீவு மாறினால் அரை நாள் என்று எழுதிக்கொள்ளலாம். ஆறு நாளில் வரும் நாளையும் போகும் நாளையும் கழித்தால் மிச்சம் நான்கு. போர்ட் பிளேர் – ஹேவ்லாக் – நீல் – போர்ட் பிளேர் என்று மூன்று முறை மாறுவதில் ஒன்றரை நாள் போகும். பாரடாங்குக்கு ஒரு முழு நாள். கடலில் கால் நனைக்க மிஞ்சுவது ஒன்றரை நாள்தான்.

இதைவிடப் பெரிய காரணம் ஓதம். தமிழ்நாட்டுக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்குக் கடல் ஏறி இறங்குவது அவ்வளவாகக் கண்ணில் படாது, சென்னையில் அந்த வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. போர்ட் பிளேர் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது இரண்டு மீட்டர் வரை போகும். கரை சரிவில்லாமல் தட்டையாக, பவளப் பாறையோடு இருக்கும் இடத்தில் இரண்டு மீட்டர் தண்ணீர் இறங்கினால் கடலே வெகுதூரம் விலகிப்போனது மாதிரி ஆகிவிடும். நீல் தீவை எடுத்துக்கொள்வோம். அங்கே எல்லோரும் பார்க்க நினைப்பவை இரண்டு: கடல் அரித்து உண்டாக்கிய பாறை வளைவு ஒன்று, படகுத்துறைக்குப் பக்கத்தில் பரத்பூர் கடற்கரையின் கண்ணாடித் தளப் படகு மற்றொன்று. பாறை வளைவுக்குத் தண்ணீர் வற்றிய நேரத்தில்தான் நடந்து போக முடியும். கண்ணாடிப் படகு ஓடத் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த இறக்கத்துக்கும் இடையில் சுமார் ஆறு மணி நேரம். காலைப் படகில் வந்து பிற்பகல் படகில் திரும்புகிறவருக்கு இரண்டில் ஒன்று நிச்சயம் கைநழுவும். அது ஓட்டுநரின் குற்றமோ வழிகாட்டியின் குற்றமோ அல்ல, கடலின் கணக்கு. ஓர் இரவு தங்கினால் இரண்டும் கிடைக்கும். கூடவே, மேற்கே லக்ஷ்மண்பூரில் சூரிய அஸ்தமனமும் கிழக்கே சீதாபூரில் உதயமும் கிடைக்கும். தீவு சிறியது, மிதிவண்டியிலேயே குறுக்கே போய்விடலாம்.

ஹேவ்லாக்கிலும் இதே கதைதான். தங்குமிடங்கள் அதிகம் இருக்கும் கிழக்குக் கரையில் விஜய்நகர் கடற்கரை, தண்ணீர் ஏறியிருக்கும்போது அறை வாசலுக்கே கடல் வந்ததுபோல் இருக்கும். இறங்கியதும் பாறையும் செத்த பவளமும்தான் தெரியும், நீந்த முடியாது. அந்த நேரத்தில் மட்டும் வந்து போகிறவர்கள் ஏமாந்துவிட்டதாக எழுதுகிறார்கள், ஏறிய நேரத்தில் வந்தவர்கள் சொர்க்கம் என்று எழுதுகிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் அதே கடற்கரையைப் பற்றித்தான். மேற்கே ராதாநகர் இதற்கு விலக்கு. மணல் சீராகச் சரிவதால் எந்த நேரத்திலும் குளிக்கலாம். 2004இல் டைம் பத்திரிகை அதை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியதிலிருந்து மாலைக் கூட்டம் அங்கேதான் போகிறது. தங்குகிறவர்கள் அங்கே காலையில் போகலாம். மரநிழல் மணல்மேல் விழுந்திருக்கும், ஆளரவம் குறைவாக இருக்கும். எலிஃபன்ட் கடற்கரைக்கு மட்டும் படகு தேவை, அல்லது காட்டு வழியில் நடக்க வேண்டும். முகமூடி அணிந்து பவளம் பார்ப்பதற்கு அது ஏற்ற இடம். பயணத் தேதியை முடிவு செய்யும்போதே போர்ட் பிளேர் ஓத அட்டவணையை எடுத்து, நீங்கள் இருக்கும் நாட்களின் ஏற்ற இறக்க நேரங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும், மற்றத் திட்டம் தானாக அமையும்.

இவ்வளவு செலவு செய்து போகிறோம், மறுபடி எப்போது வாய்க்குமோ, முடிந்த அளவு பார்த்துவிட வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான்கு பேர் குடும்பத்துக்கு விமானக் கட்டணமே பெரும் தொகை. ஆனால் செலவை எதால் வகுக்கிறோம் என்பதில்தான் என் கருத்து வேறுபடுகிறது. தீவுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் நான்கு தீவு லாபம். கடலோடு இருந்த நேரத்தால் வகுத்தால் ஒரு தீவே லாபம், ஏனென்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் படகுக் கட்டணம், இரண்டு முனைகளிலும் வண்டிக் கூலி, பாதி நாள் மட்டுமே பயன்பட்ட அறை வாடகை என்று பணமும் சேர்ந்தே போகிறது. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அரசுப் படகு சுற்றுலாவுக்காக ஓடுவது அல்ல. ஹேவ்லாக், நீல் மக்கள் போர்ட் பிளேர் பெரிய மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் போவது அதில்தான். தீவுவாசிகளுக்கு முன்னுரிமை இருப்பது சரியான ஏற்பாடு. தனியார் படகில் முன்கூட்டியே பதிவு செய்வதுதான் வெளியூர்க்காரர்களுக்கு முறை. சீட்டில் புதுப் பெயர்கள் இருக்கலாம்: ஹேவ்லாக் 2018 முதல் சுவராஜ் தீவு, நீல் சாகித் தீவு. போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது.

எத்தனை தீவு என்பதோடு எந்த வரிசை என்பதும் முக்கியம். பெரும்பாலான திட்டங்கள் போர்ட் பிளேரை முதலில் வைக்கின்றன; சில, கடைசி நாள் காலைப் படகில் திரும்பி மாலை விமானம் பிடிக்கச் சொல்கின்றன. இதைத் தலைகீழாக்க வேண்டும். காலை விமானத்தில் இறங்கினால், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி விட்டு, அன்றே பிற்பகல் படகில் ஹேவ்லாக் போய்விடலாம். போர்ட் பிளேர் கடைசியில் வரட்டும். 2016 டிசம்பர் முதல் வாரத்தில், பின்னால் வர்தா புயலாகிச் சென்னையைத் தாக்கிய அதே வானிலை அமைப்பு அந்தமான் கடலில் இருந்தபோது, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் படகு இல்லாமல் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டன. அது பெரிய சம்பவம். சாதாரணக் காற்றுக்கும் ஒரு நாள் படகு நிற்பது உண்டு. தென்மேற்குப் பருவமழை மே மூன்றாம் வாரம் வாக்கில் அங்கே தொடங்கிவிடும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடல் புயல் காலம். ஜனவரி முதல் ஏப்ரல் வரையே நான் தேர்ந்தெடுக்கும் மாதங்கள். எந்த மாதமானாலும் விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரில் இருப்பது கட்டாயம். ஆழ்கடல் முக்குளிப்புக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு இதில் கூடுதல் பயன் உண்டு. தண்ணீருக்கடியில் மூச்சுக்கருவியோடு இறங்கியவர்கள் 18 மணி நேரமாவது கழித்துத்தான் விமானம் ஏறலாம் என்பது மருத்துவ எச்சரிக்கை. உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம் தேவை.

பாரடாங்கை விட்டுவிடச் சொன்னால் வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சுண்ணாம்புக் குகையும் அலையாத்திக் காட்டு ஓடையும் உண்மையில் அழகானவைதான். ஆனால் அங்கே போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புநிலத்துக்குள் போகிறது. அதனால்தான் ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் காவலோடு விடுகிறார்கள். காப்புநிலத்துக்குள் செல்லும் பகுதியை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே உத்தரவிட்டது. சாலை இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. குகையைப் பார்க்கத்தானே போகிறோம் என்று எத்தனை நல்லெண்ணத்தோடு போனாலும், சில நூறு பேரே உள்ள ஒரு சமூகத்தின் வீட்டு வழியாகத்தான் நம் வண்டி போகிறது. ஜன்னல் வழியாக அவர்கள் தென்படுவார்களா என்று ஒருவர் எட்டிப் பார்த்தால்கூட அது அவமானம். நேரக் கணக்கை விடுங்கள், இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த நாளைக் கடலுக்குக் கொடுப்பது நல்லது. பவளம் பார்க்கத்தான் ஆசை என்றால் போர்ட் பிளேரிலிருந்தே வண்டூர் போய், அங்கே உள்ள கடல்சார் தேசியப் பூங்காவின் படகில் ஜாலி பாய் அல்லது ரெட் ஸ்கின் தீவுக்குப் போகலாம். பவளம் தேறுவதற்காக இரண்டையும் பருவம் மாற்றித் திறக்கிறார்கள், பிளாஸ்டிக்கை அனுமதிப்பதில்லை. அதே அக்கறை நமக்கும் வேண்டும். 2010இல் கடல் சூடேறி அந்தமான் பவளம் பெருமளவு வெளிறிப்போனது. மீண்டுகொண்டிருப்பதன் மேல் நின்று படம் எடுக்கக் கூடாது. கரையில் கிடக்கும் பவளத் துண்டை எடுத்து வருவதும் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பையைச் சோதிக்கிறார்கள்.

சாப்பாட்டு விஷயத்திலும் தங்குவதற்குத்தான் பலன். நீல், ஹேவ்லாக் இரண்டிலும் குடியேறியவர்களில் பெரும்பாலோர் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள். அதனால் கடுகு அரைத்த மீன் குழம்பும் சோறும் சிறு கடைகளில் நன்றாக இருக்கும். நீல் தீவின் காய்கறிதான் போர்ட் பிளேர் சந்தைக்குப் போகிறது என்பதால் சைவக்காரர்களுக்கும் குறையில்லை. ஆனால் இந்தக் கடைகள் வந்த மீனைச் சமைப்பவை. காலையில் போய் என்ன வந்திருக்கிறது, சங்கராவா பாறையா என்று கேட்டு, மாலைக்கு நண்டோ மீனோ சொல்லி வைக்க வேண்டும். ஒரு வேளைக்கு வந்து போகிறவருக்கு அது முடியாது, அவர் படகுத்துறை ஓட்டலில் உறைமீனைத்தான் சாப்பிடுவார். இரண்டாவது முறை போகும்போது கடைக்காரருக்கு உங்கள் காரம் தெரிந்துவிடும். கையில் ரொக்கம் இருக்கட்டும். 2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு இணையம் எவ்வளவோ மேல் என்றாலும், சிறு தீவுகளில் பணப் பரிமாற்றம் எப்போதும் கைகொடுக்கும் என்று நம்ப முடியாது.

வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரே இடம் அலுத்துவிடாதா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. அவர்களை உண்மையில் களைக்க வைப்பவை பெட்டியும் படகுத்துறைப் படிக்கட்டும் கடல் குமட்டலும்தான். குழந்தைக்கு ஓதம் வற்றிய பாறைக்குழியில் இருக்கும் நண்டும் நட்சத்திர மீனும் இரண்டு நாளைக்குப் போதும். தொட விடாமல் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் அதுவே பாடம். எச்சரிக்கை ஒன்று: அங்கே உப்புநீர் முதலைகள் இருக்கின்றன. 2010இல் ராதாநகரை ஒட்டிய பகுதியில் ஒரு வெளிநாட்டுப் பெண் முதலையால் உயிரிழந்தார். காவலர்கள் கொடி நட்டு எல்லை குறித்திருக்கும் இடத்தில் மட்டும், வெளிச்சம் இருக்கும்போது மட்டும் இறங்க வேண்டும். ஓடை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இறங்கவே கூடாது.

இப்படிக் கடைசிக்குத் தள்ளிவைத்த போர்ட் பிளேரை ஒப்புக்குப் பார்க்கும் இடமாக நினைக்க வேண்டாம். அபர்தீன் பஜாரில் இட்லி தோசையும் தமிழ்ப் பேச்சும் கிடைக்கும், அங்கே தலைமுறைகளாக வாழும் தமிழர்கள் நிறையப் பேர். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையின் ஏழு கிளைகளில் மூன்றுதான் இன்று நிற்கின்றன. பொதுவாக அதற்கு ஒரு மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள், எனக்கு அது போதாது என்று படுகிறது. ஒரு கொட்டடிக்குள் போய்க் கதவைப் பார்த்து நின்றால், எதிர்க் கிளையின் முதுகுப்புறம்தான் தெரியும்படி, ஒரு கைதி இன்னொரு கைதியைக் காணவே முடியாதபடி எப்படிக் கட்டினார்கள் என்பது அப்போதுதான் புரியும். நடுக் கோபுரத்தில் பளிங்கில் பொறித்திருக்கும் கைதிகளின் பெயர்களை வாசிக்கவும் நேரம் வேண்டும். வாராந்திர விடுமுறை நாளை முன்பே கேட்டுக்கொண்டு, காலையில் திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் அன்றைய விமானக் கூட்டம் வந்து சேரும்.